பட்டுச் செருப்புக் கதையும் நான் கட்டிய பூவும்

என் பிரியமான ஜோதி மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை சுருளிப்பட்டியில் உன் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: உன் புருசனாகிய என் அண்ணன், நான், மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, உன் மகள் கயல். மாப்பிள்ளை வரவில்லை.

"நர்சு படிப்பெல்லாம் எதுக்கு? எங்க வீட்ல ரூமுக்கு ஒரு ஃபேன் ஓடுது, உக்காந்து காத்து வாங்கட்டும்" என்றாக அந்த அம்மா.

"உக்கார வைக்கத்தான் பொண்ணு தேடுறீகளா?" என்று கயல் கேட்டுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டாக. "ஏத்தா தெய்வானை, வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். நீயே கட்டு. இவ ஆத்தாளுக்கும் நீதான கட்டுன."

சாமி முன்னால் இரண்டு பொட்டலம். ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் சம்மதம். கயல் "சரிப்பா" என்றாள். அம்மன் சொன்னால் மறுபேச்சு கூடாது என்று அவளை வளர்த்தது நான்தான், மதினி.

நூலகத்திலிருந்து நீ எடுத்து வந்த, அட்டை கிழிந்த வெளிநாட்டுக் கதைப் புத்தகம் நினைவிருக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதினது. எட்டாவதோடு நின்றவள் நான். உன்னோடு மல்லுக்கட்டியே கதை படிக்கப் பழகினேன். அதில் ஒரு புருசன் கல்யாணத்தன்று பெண்டாட்டிக்குப் பட்டுச் செருப்பு தருகிறான். வாசலில் சேறு. செருப்பு அழுக்காகும் என்று பல வருசம் அவள் வெளியே இறங்கவே இல்லை. கடைசியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பனியில் நடந்து போகிறாள்.

"ஆசையா வாங்கிக் குடுத்தத விட்டுட்டுப் போறாளே, பாவி" என்றேன்.

"வீட்டுக்குள்ள மட்டும் போடுறதுக்குப் பேரு செருப்பா தெய்வானை?" என்று சிரித்தாய். அந்தக் காலத்துக் கதைகளில் பொம்பளை வாய்விட்டுச் சொல்ல வழியில்லை, அதனால்தான் ஜன்னலும் சாவியும் செருப்பும் அவளுக்காகப் பேசுது என்றாய். உனக்கு என்ன குறை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயந்தேன்.

ஏன் என்று இன்று சொல்கிறேன். உனக்குப் பூக்கட்டிய அன்று, "கோயிலுக்குத் தவறாமப் போற பிள்ள" என்று நம்பி உன் அப்பா பூவை என் கையில் கொடுத்தாக. நீ டீச்சர் டிரெய்னிங் போக ஆசைப்பட்டாய். எனக்கோ நீ எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தேன். நீ ஒன்றைப் பிரித்தாய். சாமியே சொல்லிவிட்டது என்று தலையாட்டினாய். மற்றதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு வயிற்றுவலியில் நீ சுருண்டு கிடந்தபோது, "திராட்ச வெட்டு முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றாக அண்ணன். தனியாகவே பஸ் ஏறியிருப்பாய். கம்பம் ஆஸ்பத்திரி என்ன தூரமா? அம்மன் கொடுத்த புருசன், பேச்சைத் தட்டாதே என்று உன்னைத் தடுத்தது நான். வெட்டு முடிந்தபோது நீ இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை நான் பூக்கட்ட மாட்டேன். அம்மன் முன்னால் நின்று அன்று செய்ததைச் சொல்வேன். இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று கயலிடமே கேளுங்கள் என்று அண்ணனிடம் சொல்வேன். அண்ணன் இனி என்னை வாசல் மிதிக்க விடமாட்டாக. அது எனக்கு வேண்டியதுதான்.

கயலிடம் முதலில் தனியாகச் சொல்லவா, இல்லை எல்லாரோடும் சேர்ந்து அவளும் கேட்கட்டுமா? எப்படிச் சொன்னாலும் அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவது அதோடு நின்றுவிடலாம். உன் மகள், நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கு முன்னால் பதில் சொல்லு, மதினி.

உன் நாத்தனா,
தெய்வானை