ஓ நெகட்டிவ் முப்பத்தேழு பேர்

கிழக்குத் தாம்பரம்
19.11.2006, ஞாயிறு

அன்பு மகன் வினோத்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் மதியழகனும் நல்லபடியா நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்கே ஜெர்மனிக் குளிரிலே உனக்கு நெஞ்சிலே சளி கட்டாம இருக்க திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கறேன். மழை விட்டு விட்டுப் பெய்யுது, போன வருஷம் மாதிரி வீட்டுக்குள்ளே தண்ணி வரலை. வாரா வாரம் போன் பேசறவ எதுக்குக் கடிதாசி எழுதறான்னு நினைப்பே. போன் பேசும்போது மதி பக்கத்திலேயே நிக்கறான், அவன் எதிரிலே இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

நம்ம ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட்டிலே ஓ நெகட்டிவ் பேருங்க முப்பத்தேழும் அழிஞ்சு போச்சுன்னு மதி சொல்லியிருப்பான். டைப் அடிக்கிற ஜஹீராதான் அழிச்சான்னு அவளை ஒண்ணாந்தேதியிலேருந்து வர வேணாம்னுட்டான், நீயும் அவளுக்குக் காட்டமா மெயில் அனுப்பினியாம். அழிக்கச் சொன்னது நான். உன் சித்தப்பா பட்டாபிராமன் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து வந்து தன் பேரையும் அதிலே ஏத்திட்டுப் போயிருக்கான். தொண்ணூத்திநாலு ஆவணி பன்னண்டு, ஞாயித்துக்கிழமை, உங்கப்பாவுக்கு ஆபரேஷனுக்கு இதே ரத்தம் வேணும்னு நான் ஆஸ்பத்திரி வாசல்லே நிக்கறேன், எனக்குக் காய்ச்சல் அண்ணின்னான். மறுநாள் பல்லாவரத்திலே ஒரு நிச்சயதார்த்தத்திலே தட்டு தூக்கிக்கினு நடந்ததைப் பார்த்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. மூணாம் நாள் உங்கப்பா போயிட்டார். அவருக்காக நான் நோட்டிலே எழுத ஆரம்பிச்ச லிஸ்ட்டிலே அவன் பேரா? எடுத்துடுன்னேன். ஜஹீரா, அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்மான்னு ரெண்டு தடவை சொன்னா. நான்தான் பின்னாலே நின்னு அவசரப்படுத்தினேன். ஏதோ இங்கிலீஷிலே கேள்வி வந்துது, அவ படிக்கறதுக்குள்ளே மதி வண்டிச் சத்தம், அமுக்குடீன்னேன். ஒருத்தன் பேரோட அந்தக் குரூப்பே போயிட்டது எங்க ரெண்டு பேருக்கும் தெரியலை.

செவ்வாய்க்கிழமை குரோம்பேட்டை ஆஸ்பத்திரியிலேருந்து பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டு போன் வந்தப்போதான் திறந்து பார்த்தா காலி. நோட்டுங்களும் போன வருஷத் தண்ணியிலேயே கூழாப் போச்சு. மதி பதறலை, ரெண்டாவது டிஸ்க் இருக்கேன்னான். ஏப்ரலிலே ஒரு டிஸ்க் செத்தப்போ இன்னொண்ணு காப்பாத்திச்சில்லே, அந்தத் தைரியம். நீ தனியா ஒரு கம்ப்யூட்டர் வைடான்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டே, ஒரு டிஸ்க்கிலே செய்யறதை அப்படியே இன்னொண்ணிலேயும் செய்யற மிர்ரர் போட்டாச்சு, போதும்னு விட்டுட்டான். இப்போ பார்த்தா அந்த ரெண்டாவதும் காலி. நெத்தியிலே பொட்டை அழிச்சா கண்ணாடியிலேயும் அழிஞ்சுதான் போவும். அது எனக்குத் தெரியும்.

அப்புறம் நானே ஞாபகத்திலேருந்து ஒவ்வொரு பேரா, நம்பரோட சொன்னேன், மதி டயல் பண்ணினான். வாயிலே முதல்லே வந்தது பட்டாபிராமன் நம்பர்தான், வெறுத்து வெறுத்தே மனப்பாடம் ஆகியிருக்கு. அதை முழுங்கிட்டு அசரியா சார் நம்பரைச் சொன்னேன், ஊரிலே இல்லை. ஷாகுல் போன் எடுக்கலை. ரத்தினபாய்க்கு சர்க்கரை ஏறிப் போச்சாம். அங்கே ஒரு பொண்ணு கிடக்குதே. நாலாவதா அவன் நம்பரைச் சொன்னேன். கோவிலம்பாக்கத்திலேருந்து அந்த மழையிலே ஆட்டோ பிடிச்சு வந்து குடுத்துட்டுப் போனானாம். தாயும் பிள்ளையும் சௌக்கியம். நான் மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. யாரோ முகம் தெரியாதவளுக்குக் குடுத்தவன் கூடப் பொறந்தவனுக்குக் குடுக்கலையேன்னு முன்னைவிட எரியுது.

இப்போ மதி பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை சரி பண்ணி வெச்சிருக்கான். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அன்னன்னிக்கு உள்ளதைத் தனித்தனியா எடுத்து வெச்சுக்குமாம், இன்னிக்கு இங்கே அழிச்சாலும் நேத்து உள்ளது அங்கே அப்படியே இருக்குமாம். தண்ணி, இடின்னா ரெண்டும் சேர்ந்து போகக்கூடாது, வேற வீட்டிலேதான் வைக்கணும்னியாமே. நமக்குத் தெரிஞ்சு நெட் இருக்கிற மாடி வீடு பட்டாபிராமன் வீடுதான். வைக்கட்டும், நான் குறுக்கே நிக்கலை. அந்த வாசப்படி மட்டும் மிதிக்க மாட்டேன்.

முப்பத்தேழிலே முப்பத்தொண்ணு சொல்லிட்டேன். ஆறு பேர் எவ்வளவு யோசிச்சும் வரலை. நல்ல மனசோட பேரு குடுத்த ஜனங்க, நம்ம தெருவிலேயே எதிரிலே வந்தாலும் எனக்குத் தெரியாது.

இதுக்கு நடுவிலே மதி என் எதிரிலேயே ஜஹீராவைத் திட்டினான். அவ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம, தப்புதான் அண்ணான்னா. நான் முறத்திலே அரிசியைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். அஞ்சு நாளா அப்படியேதான் இருக்கேன். ஊரார் செஞ்சதெல்லாம் தேதியோட வெச்சிருக்கிறவ, இதையும் வெச்சுக்கணும். கடிதாசியை ஒட்டினதும் மதிகிட்டே சொல்லப் போறேன். உனக்கு முதல்லே எழுதிட்டா அப்புறம் நான் பின்வாங்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கோ. நீ தீர்க்காயுசா, யாரையும் கலங்க வைக்காம இருக்கணும். மறக்காம ஜஹீராவுக்கு இன்னொரு மெயில் போடு. யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு பூசி மெழுகாதே, என் பேரைப் போட்டே எழுது.

உன் அம்மா,
க. அபிதகுஜாம்பாள்