லகரமும் ளகரமும்

அன்பிற்குரிய தங்களுக்கு,

தாங்கள் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டிற்குச் சென்ற பின், நேற்றுதான் கடைத்தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடையில், நாம் வீடு மாறியபோது விற்ற தட்டச்சுப்பொறி இருந்தது.

“ல அடிச்சா ள விழும்மா. கம்பெனியிலேயே தப்பா வந்த பீஸு, உலகத்துல ஒண்ணுதான்,” என்றார் கடைக்காரர்.

“கம்பெனி இல்லப்பா, எங்க வீட்டுக்காரர்,” என்றேன்.

தாங்கள் பழுதுபார்த்து எழுத்தை மாற்றிப் பற்றவைத்த அப்பொறியில்தான், ஆடும் மேசைக்குத் தாங்கள் முழங்காலால் முட்டுக்கொடுக்க, நான் நானாகவே தட்டச்சு பயின்றேன். மற்ற பொறிகளில் இன்றும் தடுமாறும் என் விரல்கள், நேற்று அதில் ஒரு பிழையுமின்றி ஓடின.

வாங்கிவிட்டேன். ஆள் வைத்து அனுப்புவதாகக் கடைக்காரர் கூறினார். தூக்கிவர எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள்
இல்லாள்