இமேஜில் சேர்க்காத ஒரு வரி

இன்று காலை மெஷின் ரூம் வாசலில் செருப்பு அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா, கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜோடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். பழுப்பு நிறச் செருப்பு. வாரின் ஓரத்தில் சேறு காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது.

"இது ஆருடெ செருப்பு மோளே? ஒரு வருஷமாட்டு இங்கயே கெடக்கு. வெளிய போட்டுரட்டா?"

"வேண்டாம் அக்கா. இருக்கட்டும்" என்றேன். யாருடையது என்று சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னால் அவர் முகம் மாறும், ஏதாவது ஆறுதல் சொல்வார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். பத்தரை மணிக்குக் கூட்டம் இருந்தது. உள்ளே போய் என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அந்த அறையின் குளிரும் இரைச்சலும் அப்படியேதான் இருக்கின்றன. தொண்ணூற்றாறு நோடுகள், ஒன்றுசேர்ந்து ஒரே கணக்கைப் போடும் கம்ப்யூட்டர்கள். கடல் அலை எவ்வளவு உயரும், காற்றே இல்லாமல் திடீரென்று பொங்கும் கள்ளக்கடல் எந்தக் கரையில் ஏறும் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு, மதியத்துக்குள் அறிக்கை அனுப்புகின்றன. விழிஞ்ஞத்தில் மீனவர்கள் படகை இறக்குவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்த வேலையை நீ உன் அம்மாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. கேன்டீனில் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். நாகர்கோவிலிலிருந்து அம்மா கேட்டார், "அங்க என்னதாம்ட்டி செய்யிய, நாள் முழுக்க?"

"தொண்ணூத்தாறு கம்ப்யூட்டர் இருக்கும்மா. ஒண்ணுக்கும் சொந்தமா டிஸ்க் கெடையாது. அதனால சொந்தமா நெனவும் கெடையாது. எந்திச்சதும் 'நான் ஆரு, எனக்கு என்ன வேல'ன்னு ஒரு எடத்துல கேக்கும். இமேஜுன்னு ஒண்ணு நாங்க அங்க செஞ்சு வச்சிருப்போம். அத அப்படியே வாங்கிக்கிட்டு வேலைய ஆரம்பிக்கும். அணைச்சா எல்லாம் மறந்துரும்."

"அப்ப ஒன்ன மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா. எனக்குச் சாயா புரையேறியது.

நீ என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். நான் வந்த புதிதில் நாம் இருவரும் சேர்ந்துதான் அந்த இமேஜைக் குறைத்துக் குறைத்துச் செதுக்கினோம். கணக்குப் போடும் நோடுக்குக் கணக்கைத் தவிர வேறு எந்தச் சிந்தனையும் இருக்கக் கூடாது. ஒரு நோடு ஏதோ சில்லறை வேலைக்காக ஒரு கணம் திரும்பினால், மற்ற தொண்ணூற்றைந்தும் அதற்காகக் கைகட்டி நிற்கும். பட்டியலை வரிவரியாகப் படித்து நீ வெட்டுவாய். "இது என்னத்துக்குட்டி? நோடு ஆருக்குப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கப் போவுது? ப்ளூடூத்தா! பாட்டு கேக்கவா?" கடைசியில் மிஞ்சியது மிகச் சிறிய இயங்குதளம். நான்கு நிமிடத்தில் எழுந்து நிற்கும்.

உனக்கு ஒரு சட்டம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நோடில் கையால் எதை மாற்றினாலும் அன்றே அதை இமேஜில் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒரு நோடை அணைத்து எழுப்பி, மாற்றம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "கையால செஞ்சது செஞ்ச மாதிரி இல்ல. எந்திச்சு வரும்போ இருக்கணும்" என்பாய்.

சென்ற ஆனி மாதத்தில் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினார்கள். நோடு இமேஜை வாங்கி எழும்போது இணைப்பு ஒருமுறை விட்டுச் சேரும், புதியதில் அதற்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. நோடுகள் அதற்கு முன்பே எழுந்து, தரவுகள் இருக்கும் ஸ்டோரேஜைத் தேடின, கிடைக்கவில்லை என்றதும் விட்டுவிட்டன. அந்த வியாழக்கிழமை நீ விடுப்பு. நான் 'நெட்வொர்க் வந்த பிறகு தேடு' என்று ஒரு வரியை எல்லா நோடுகளிலும் ஒரே கட்டளையில் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. இமேஜில் எழுதவில்லை. மறுநாள் காலை சித்தி மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிக்கு ரயில். வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. பையில் எந்தப் புடவையை வைப்பது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை இங்கே பெருமழை. மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டது. மின்சாரம் திரும்பியதும் நோடுகள் எழுந்தன, நான் சொல்லிவைத்த எதுவும் நினைவில்லாமல். வெளியிலிருந்து உள்ளே நுழையும் இணைப்பும் அறுந்திருந்ததால் யாராவது நேரில் போக வேண்டியிருந்தது. தம்பானூர் விடுதியில் இருந்த உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன் போன் வந்தபோது மண்டபத்தில் கெட்டிமேளம் ஓய்ந்திருந்தது.

"எட்டி, எல போட்டாச்சா?"

"இப்பதான் தாலி கட்டி முடிஞ்சுது. என்ன?"

"நோடெல்லாம் எந்திச்சு நிக்கி. ஒண்ணுக்கும் ஸ்டோரேஜக் காணல்ல. வியாழக்கெழம நீ என்ன செஞ்ச?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "ஐயோ. இமேஜ்ல போடல" என்றேன்.

நீ சிரித்தாய். "கொள்ளாம். நல்லா ரெண்டு பாயசம் குடி. நான் போட்டுக்கிடுதேன்." பிறகு, வைக்கும் முன், "முட்டளவு தண்ணியில நடந்து வந்தேன் கேட்டியா. ஓவர்பிரிட்ஜ் வரைக்கும் ஒரு ஆட்டோக்காரனும் வரல்ல. செருப்பு ரெண்டும் சேறாப் போச்சு."

நீ அந்த வரியை எழுதினாய். ஒரு நோடை எழுப்பிப் பார்த்தாய், பிறகு எல்லாவற்றையும். அறிக்கை மதியத்துக்குள் போனது. ஈரச் செருப்பை அடுக்கில் விட்டுவிட்டு மெஷின் ரூம் ரப்பர் செருப்போடு விடுதிக்குத் திரும்பினாய்.

திங்களன்று வந்து மாற்றக் குறிப்பேட்டைத் திறந்தேன். திரையில் நீ எழுதியிருந்தது: கையால் செய்த மாற்றம் இமேஜில் சேர்க்கப்படவில்லை. மறந்தவர் என்ற இடத்தில் உன் பெயர். அன்று நம் பிரிவுத் தலைவர் சார் எல்லோர் முன்பும் உன்னைத் திட்டினார். "இத்தற நாள் வேல செய்த ஆளுக்கு இது தெரியாதா? மீன் பிடிக்கப் போறவன்ட்ட நாம எந்து சொல்லும்?" நீ தரையைப் பார்த்து நின்றாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

கேன்டீனில் கேட்டேன், "ஏன் உன் பேரப் போட்ட?"

"ஒனக்கு இன்னும் ரெண்டு மாசத்துல வேல கன்ஃபர்ம் ஆவணும்லா. ஆவட்டு. அப்புறம் மாத்தி எழுதிக்கிடலாம். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்" என்றாய்.

"சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இந்த ஒரு வருடத்தில் நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் அந்தச் சொல்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

பத்தாவது நாள் உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வந்தாய். கண் மஞ்சளானதும் மெடிக்கல் காலேஜில் சேர்த்தோம். எலிக்காய்ச்சல், தேங்கிய தண்ணீரில் கால் வைத்தால் தொற்றுவது என்றார்கள். ஐந்து நாள்தான் இருந்தாய். அந்த ஐந்து நாளில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், வராந்தாவில் இருந்த நாற்காலிகளின் நிறத்தைச் சொல்வேன். உன்னை ஊருக்குக் கொண்டுபோன வண்டிக்குப் பின்னால் நான் பேருந்தில் வந்தேன். பாறசாலையில் நிறுத்தினார்கள், தண்ணீர் பாட்டில் வாங்கினேன். அதற்குப் பிறகு உன் வீடு.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "எந்தத் தண்ணியில மிதிச்சாளோ எம்பிள்ள, ஒனக்குத் தெரியுமா மக்கா?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

எதிலிருந்து தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவரும் சொன்னார். அந்த வாரம் முழுக்க உன் விடுதிப் பின்கட்டிலும் தண்ணீர் தேங்கித்தான் கிடந்தது. மருத்துவரின் அந்த வாக்கியத்துக்குள் நான் பல மாதம் குடியிருந்தேன். அங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வேலை உறுதியான கடிதம் வந்தது. இமேஜை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். குறிப்பேட்டில் உன் பெயர் இருந்த பக்கத்தைத் திறக்கவில்லை. துக்கம் இப்படித்தான் இருக்கும் என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. நேரத்துக்கு எழுந்தேன், கேட்டதைச் செய்தேன்.

நமது பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் திருத்தங்கள் வராது. எனவே புதிய பதிப்பில் இமேஜை முதலிலிருந்து கட்டுகிறோம். இன்றைய கூட்டம் அதற்குத்தான். சாரும் நானும், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும். எந்தப் பழைய மாற்றத்தைப் புதியதுக்குக் கொண்டுபோவது என்று குறிப்பேட்டைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தப் பக்கம் வந்தது.

சார் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திப் புதியவர்களிடம் சொன்னார், "இந்தக் குட்டி இப்ப இல்ல. ரொம்பக் கெட்டிக்காரி, கேட்டோ. அவளுக்கே இந்த மறதி வந்தது. அதுகொண்டு சொல்றேன், நோட்ல கையால ஒண்ணும் செய்யாதீங்க. செஞ்சா அன்னைக்கே இமேஜ்ல எழுதணும்."

மரியாதையாகத்தான் சொன்னார். புதியவர்களில் ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள். உன் சட்டத்தை, உன் தவறுக்குக் கீழே.

"சார், மறந்தது அவ இல்ல. நான்" என்றேன்.

"எந்து?"

"வியாழக்கிழமை நான் கையால போட்டேன். இமேஜ்ல எழுதாம ஊருக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை அவ தண்ணியில நடந்து வந்து எழுதினா. எனக்காக அவ பேரப் போட்டா. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

பொருள் பட்டியலைப் படிப்பது போல என் குரல் எனக்கே கேட்டது. சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் அன்னைக்கு அவள்ட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு, "இப்ப எதுக்குச் சொல்ற?" என்றார். விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "திருத்தி எழுது" என்றார்.

திருத்தினேன். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்தியவர் என்ற இடத்தில் உன் பெயர் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் திருத்தியது நீதான். பிறகு அந்த வரியைப் புதிய இமேஜில் சேர்த்து, ஒரு நோடை அணைத்து எழுப்பி, பக்கத்தில் நின்றேன். நான்கு நிமிடம். அது எழுந்தது, நெட்வொர்க்குக்காகக் காத்திருந்தது, ஸ்டோரேஜைக் கண்டுபிடித்தது. இப்போது எதைச் செய்தாலும் அந்த நான்கு நிமிடம் நிற்காமல் நான் வெளியே போவதில்லை.

மாலை கிளம்பும்போது உன் செருப்பை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இதோ, மேசைக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறு காலை நாகர்கோவில் ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம் இதைக் கொடுத்தால், எங்கே கிடந்தது, எப்படி இவ்வளவு சேறு என்று கேட்பார். அங்கிருந்து நான் சொல்லத் தொடங்க வேண்டும்.