முனீரின் அண்ணன்

செங்கல்பட்டு
12-2-1957

என் மேல் உயிரையே வைத்திருக்கும் மச்சான் அவர்களுக்கு, ராபியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு மாமியும் நானும் உங்கள் தம்பி முனீரும் அல்லாஹ் கிருபையால் நலம். அங்கே பனி முழங்கால் வரை கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடாமல் தொழிற்சாலைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய செக் மொழி இலக்கணப் புத்தகத்தில் பாதியைத் தாண்டிவிட்டேன். இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் அவர்களுக்கு ஆறுதல் சொல்கிறது. பெயர்ச்சொல்லின் வால் ஏழு விதமாக மாறுமாம், பயப்பட வேண்டாமாம். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று பேசி வளர்ந்த எனக்கு என்ன பயம்? நீ, நீங்கள் என்ற மரியாதையும் நம்முடையது போலவே இருக்கிறது. மேஜை ஆண், புத்தகம் பெண், ஊர் இரண்டுமில்லை என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. ‘ர’வையும் ‘ஷ’வையும் ஒரே மூச்சில் உருட்டும் அந்த எழுத்தை உரக்கப் பழகினேன். மாமி இருமல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன்.

இதையெல்லாம் முதலில் எழுதுவது, அடுத்ததை எழுதக் கை வராததால்தான்.

உங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பைக் கவனிக்கும் அம்மாள் மகாபலிபுரம் பார்க்க வருகிறார், போய் அவர் மொழியில் நான்கு வார்த்தை பேசு, நமக்கு ஓர் அறை ஒதுக்குவார், நீ இங்கே வந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தம்பியுடன் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியும் மனதுக்குள் வேற்றுமைகளைச் சொல்லிக்கொண்டே போனேன்.

கல் ரதங்களின் பக்கத்தில் அவரைக் கண்டோம். ‘தோப்ரீ தென்’ என்று வணக்கம் சொன்னேன். அவர் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கே படித்தாய், குளிர் தாங்குவாயா என்றெல்லாம் கேட்டார். தட்டுத்தடுமாறாமல் பதில் சொன்னேன். தம்பி பெருமையோடு பக்கத்தில் நின்றது. பிறகு அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, உன் கணவர் பெயர் என்ன என்றார்.

மச்சான், கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாய்தான் வரவில்லை. வோட்டர் பட்டியல் எழுத வந்தவரிடம் உங்கள் பெயரை மாமி சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டு சாராள் டீச்சர் சொன்னார்கள். அங்கே எனக்காகச் சொல்ல யார்? தம்பிக்குக் கேள்வியே விளங்கவில்லை. கடைத்தெருவில் எப்போதும் சொல்வது போல, தம்பியைக் கையால் காட்டி, முனீரின் அண்ணன் என்றேன். இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்த அம்மாள் தம்பியையே என் கணவராக எடுத்துக்கொண்டு முனீர் என்று எழுதிக்கொண்டார்.

இல்லை, இல்லை என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களைத் தோளோடு தோள் சேர்த்துக் கல் யானைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அவரோடு ஊர் பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். அப்போதாவது உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். முக்காட்டைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னதும் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. ‘இன்னா அண்ணி இது, இத்தினி மாசமா படிச்சிகினு இருந்தது இதுக்குத்தானா? அண்ணன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?’ என்று கேட்டது. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டையும் தன் கடைக்கே வரவழைத்துக்கொள்கிறது. மாமி மட்டும், ‘வுடு, புருசன் பேர சொல்லாதது ஒரு குத்தமா?’ என்று என் தலையைத் தடவினார்கள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

அந்தப் படம் உங்கள் தொழிற்சாலைக்கு வரும். நாலு பேர் பார்ப்பார்கள். அங்கே இல்லாத ஒருவர் பெயரில் அறை எழுதியிருக்கும். நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. நிக்காஹ் ஆன பிறகு நாம் சேர்ந்திருந்ததைவிடப் பிரிந்திருந்ததே அதிகம். அதை நானே இன்னும் நீட்டிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

புத்தகத்தில் ஒரு பாடத்தை இத்தனை நாளும் தாண்டிப் போயிருந்தேன். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாடம் அது. நேற்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தேன். கடைசி வரியில் உங்கள் பெயரை வைத்துப் பார்த்தேன். முதலில் தொண்டையிலேயே நின்றது, பிறகு வந்துவிட்டது. வெளியிலிருந்து மாமி, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார்கள்.

கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதுங்கள். அந்தக் குளிரில் அல்லாஹ் உங்களைக் காப்பாற்றுவானாக. இந்தக் கடிதத்தின் உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்போதும் உறையின் மேல் பெயரும் விலாசமும் தம்பிதான் எழுதும். இந்த முறை நான் எழுதியிருக்கிறேன்.

உங்கள்
ராபியா