சில்லு தெறிப்பது பிளாங்க்கின் குற்றம் அல்ல

ஆகஸ்ட் 9, சனி

காலையிலேயே புழுக்கம். போதும், இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

லேத்தில் பேனா கடைபவர்களின் இணையக் குழுவில் பாஸ்கர் மறுபடியும் எழுதியிருக்கிறான்: "ஆம்பூர் பிளாங்க் வாங்காதீர்கள். லேத்தில் ஏற்றினாலே சில்லு சில்லாகத் தெறிக்கிறது." ஆம்பூரில் ரெசின் ஊற்றி பிளாங்க், அதாவது பேனா கடையும் கட்டை, செய்து விற்பவன் நான் ஒருவன்தான். பெயர் சொல்லாமல் அடிக்கும் சாமர்த்தியம் அவனுக்கு நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த ஷூ கம்பெனியிலேயே உண்டு. நான் வரைந்த மோல்டு படத்தை "நம்ம டீம் செஞ்சது" என்று காட்டி மேனேஜர் ஆனவன். நான் பி.இ. அவன் ஸ்கைவிங் மேசையில், தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் வேலையில், தொடங்கியவன்.

அவன் பதிவுக்குக் கீழே வரிசையாக லைக் கட்டைவிரல்கள்.

இன்று ஊற்றியது: கறுப்பு ஆட்டுத்தோல் பதித்தது. தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய் எடுத்து, காயவைத்த பிறகே ஊற்றினேன். குமிழி இல்லை. பால் வாங்க மறந்து வீட்டில் திட்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் பிளாங்க் ஒன்றை நானே கடைந்தேன். உளியைத் தீட்டி, வேகம் கூட்டி, மெல்லத் தொட்டால் போதும். ரெசின் நூல் நூலாக வந்து மணிக்கட்டில் சுற்றியது. ஒரு சில்லு இல்லை.

பிறகு ஸ்டெல்லா வந்தார். ராணிப்பேட்டை. அவரும் ஸ்கைவிங் மேசைதான். வீட்டில் சின்ன லேத். என்னிடம் பிளாங்க் வாங்குபவர். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி.

"இன்னாண்ணா, உங்க பிளாங்க் மூஞ்சிலயே அடிக்குது. கண்ணு போயிருந்தா?"

"கண்ணாடி போடலையா?"

"போட்டதாலதான் நான் பேச வந்தேன். இல்லன்னா எங்க வூட்டுக்காரர் வந்திருப்பாரு."

என் லேத்தில் கடையச் சொன்னேன். நடுவில் ஆரம்பித்து, உளியை அழுத்தி, முனையை நோக்கி வெளியே தள்ளினார். முனைக்கு வந்ததும் டப். பெயர்ந்த துண்டு சுவரில்.

புரிந்துவிட்டது. தோலை அப்படித்தான் சீவ வேண்டும்: உள்ளிருந்து வெளியே, விளிம்புவரை அழுத்தி. தோல் வளைந்து கொடுக்கும். ரெசின் கொடுக்காது, முனைக்கு அப்பால் தாங்க ஒன்றும் இல்லை, உடையும். பாஸ்கர் குழுவில் போடும் வீடியோக்களில் சொல்லித்தருவதும் இதே தோல் சீவும் கைதான். அங்கே பாதிப்பேர் ஷூ கம்பெனி ஆட்கள். ஏன் எல்லாம் முனையிலேயே உடைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"முனையிலருந்து உள்ள வாங்க. அழுத்தாதீங்க."

"கை கேக்க மாட்டேங்குதுண்ணா."

"கேக்கும்."

கேட்டது. பேனா உடம்பு முழுவதும் கடைந்து முடித்தார், கீறல்கூட இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி பாஸ்கரு" என்றார். காது குளிர்ந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாலை மழை. கரண்ட் போய் வந்தது. குழுவுக்கான பதிவை எழுதி, ஸ்டெல்லாவுக்குப் போனில் படித்தேன்.

"பாதிக்கு மேல அவரைத் திட்டியே வெச்சிருக்கீங்க. இன்னாத்துக்கு?"

"எல்லாம் உண்மைம்மா."

"இருக்கட்டும். உங்களுக்கும் அவருக்கும் ஆவாதுன்னு குரூப்புக்கே தெரியும். உங்க பேரைப் பாத்தா, சரக்கு விக்க வந்துட்டாருன்னு தள்ளிட்டுப் போய்டுவாங்க. நாளைக்கு இன்னொருத்தி கண்ணுல அடிக்கும்."

போனை வைத்தேன். பேஜார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திட்டுகளை வெட்டினேன். மோல்டு படம் பற்றிய பத்தியைக் கடைசியாக. நல்ல பத்தி அது.

மிஞ்சியது: முகம் முழுவதும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் போடு. முதலில் சதுரக் கட்டையின் நான்கு மூலைகளையும் மெல்லக் கடைந்து உருளையாக்கு. உளி மழுங்கினால் நிறுத்து, தீட்டு. வேகம் ஜாஸ்தி, அழுத்தம் கம்மி. எப்போதும் முனையிலிருந்து உள்ளே. தோல் சீவிப் பழகிய கை வெளியேதான் போகும், அப்படிப் போக விடாதே. தூளாக உதிர்ந்தால் தவறு, நூலாக வந்தால் சரி.

என் முறை. என் கண்டுபிடிப்பு. என் பெயர் இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் என் பிளாங்க் பிழைக்கும், கண்களும். குழுவில் பெயர் மறைத்துப் போடலாம், கோயம்புத்தூரில் இருக்கும் குழு அட்மினுக்கு மட்டும் தெரியும். பாஸ்கரே முதலில் வந்து "அருமை சார்" என்று போடுவான். போடட்டும். அதையும் மன்னிப்பதாக இல்லை.

பெயர் இல்லாமலே போடுகிறேன்.