மடிப்புப் பாட்டில் நான்காவது குரல்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒருவழியாக அந்த மேல்தாடைப் பல் செட்டை இன்று முடித்தேன். மெழுகில் பற்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா பின்னால் வந்து நின்று, "புதுப்பொண்ணே, வீட்ல எல்லாம் எப்படி?" என்றார். நாற்பது வயதில் புதுப்பெண்! எங்கள் பல் லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, நல்லா இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

பொய்யில்லை. இவர், என் வீட்டுக்காரர், நல்ல மனிதர். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்திப் படுத்தி, எதற்கும் பதறாத குரல் வந்துவிட்டது. சின்னவனுக்கு ஆறு வயது. நான் வந்த வாரமே மடியில் ஏறிக்கொண்டான், சித்தி சித்தி என்று உயிரை எடுக்கிறான். பெரியவளுக்குப் பன்னிரண்டு. அவள் என்னை எதுவும் கூப்பிடுவதில்லை. "கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். எடுத்துக் கொடுத்தால் சுவரிடமே "தேங்க்ஸ்" சொல்வாள். மரியாதை தெரிந்த பெண்தான்.

இவர்களுடைய அம்மா இறந்து நாலு வருஷமாகிறது. அவசரப்படாதே, நாலு வருஷத்தை இரண்டு மாதத்தில் தாண்ட முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

சனிக்கிழமை மாலை என்றால் இந்த வீட்டில் படம். எப்போதும் ஒரே படம்.

அந்தப் படத்தைப் பார்க்காமல் வளர்ந்த ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் அப்பாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. விட்டதையெல்லாம் சேர்த்து, கல்யாணமான பிறகு வாராவாரம் பார்க்கிறேன். ஒரு சலவைக்கடைக் குடும்பம். அப்பா, அம்மா, பெரிய மகள், குட்டிப் பையன். ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் இவர்களிடம்தான் வெளுக்க வரும். கடையை இடிக்க ஒரு பணக்காரர் வருகிறார். இவர்கள் பாடுகிறார்கள். அவர் மனசு மாறிவிடுகிறது. தீர்ந்தது கதை. அப்பாவாக நடிப்பவருக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் நான் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் மடிப்புப் பாட்டு வரும்போது இந்த மூவரையும் பார்க்க வேண்டுமே! படத்தில் நாலு பேரும் பெரிய விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு மூலை பிடித்து மடித்துக்கொண்டே பாடுவார்கள். இங்கே இவர்தான் அப்பா: "ஓரம் பிடி, ஓரம் பிடி, ஊரே தூங்கும் விரிப்பிது!" பெரியவள் மகள்: "பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு, பேச்சை விட்டு மடியுங்க!" சின்னவன் சோபாமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துவான்: "எனக்கு எட்டல!" அடுத்து அந்த அம்மாவின் வரி: "எட்டும்வரைக்கும் கண்ணே, நான் குனிஞ்சு நிக்கிறேன்." அதற்கு மட்டும் மூவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நடிகை தனியாகப் பாடிவிட்டுப் போகிறாள். மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். வந்த விருந்தாளி மாதிரி.

பிப்ரவரி 12, புதன்

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று லேபில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியம்மா மட்டும், "ஒரு மண்ணும் இல்ல. டிக்கெட் கெடைக்காம எங்கண்ணனும் நானும் ஒரே சீட்ல உக்காந்து பாத்தோம். இப்ப போட்டாலும் எனக்குப் பாதி சீட்தான்" என்றார். செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோகும் டெலிவரிக்காரர், "எந்த எடத்துல அழணும்னு முன்னாடியே தெரியும் மேடம். அதான் வசதி" என்றார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். போகும்போது படியிறங்கிக்கொண்டே "எனக்கு எட்டல" என்று கத்திவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரு யோசனை. அம்மா வரியை யாரும் பாடுவதில்லை, சும்மாதானே கிடக்கிறது? நான் கற்றுக்கொண்டால் என்ன? லேபில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, செட்டுகளைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டே நாள் முழுக்கக் கேட்டேன். சுருதி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. சனிக்கிழமை அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது.

பிப்ரவரி 22, சனி

கெடுத்துட்டேன். எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.

சின்னவன் "எனக்கு எட்டல" சொன்னதும் பாடினேன். நல்லா வேற பாடித் தொலைச்சேன் — சுருதி பிசகாம, ஒரு எழுத்து விடாம. இவர் திரும்பிப் பார்த்த பார்வையிலயே ஏதோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. பாதியில எப்படி நிறுத்துறது? முடிச்சேன். பெரியவள் எழுந்துபோய் டிவி பிளக்கைப் பிடுங்கினாள். அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாள். சின்னவன் சோபாமேலயே நின்னுட்டிருந்தான். "படம் முடிஞ்சிடுச்சா?"ன்னு கேட்டான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இவர் சொன்னார். "அது அவங்க அம்மா பாடற வரி. அவ போனப்புறம் மொதல் தடவ படம் போட்டோம். அந்த எடம் வந்ததும் எங்களுக்கு வாயே வரல. அடுத்த வாரமும் அப்படியே ஆச்சு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. நாங்க மூணு பேரும் அதைப்பத்திப் பேசிக்கிட்டதே இல்ல. உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல எனக்கு."

தோணியிருக்கணும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் உரித்த வெங்காயத்தையே மறுபடியும் உரித்தார்.

மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!

மார்ச் 1, சனி

படம் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெரியவள் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரியாதுமா, தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன் என்றேன். முதல்முறையாகச் சுவரை விட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும்."

அதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். பின்னாலிருந்து சொன்னாள்: "நாங்க சும்மா இருப்போம்ல, அப்ப எனக்கு அம்மா பாடறது கேக்கும். நெஜமாவே கேக்கும். இப்ப அந்த எடத்த நெனச்சாலே உங்க குரல்தான் வருது. அம்மா குரல் வர மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னாள். ஏதோ கைதவறி விழுந்துவிட்டது, எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்கிற மாதிரி.

அவர்களுடைய அம்மா பாடிய வீடியோ எதுவும் இல்லையா என்று இவரிடம் கேட்டேன். பழைய போனையெல்லாம் சார்ஜ் போட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்தது அவதான். அங்கங்க சிரிப்புச் சத்தம் மட்டும் இருக்கு" என்றார்.

இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? எதைத் திருப்பிக் கொடுப்பது? நான் பாடினதை அவ காதுலேர்ந்து எப்படி எடுக்கிறது?

மார்ச் 8, சனி

அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டு லேபுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாவிட்டால் போட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இருட்டும் நேரத்தில் திரும்பினால் டிவி அணைந்தே கிடக்கிறது. சின்னவன் தரையில் படுத்து லாரி வரைந்துகொண்டிருந்தான். "அக்கா வேணாம்னுட்டா, சித்தி."

அவர்களிடமிருந்து ஒரு கிழமையையே பிடுங்கிவிட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்ததே தப்போ? இவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லை என்றுதான் சொல்வார். அந்தப் பதறாத குரலில் சொல்வார்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் லேபுக்கே நேரில் வந்துவிட்டார். டாக்டரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம், கேட்கவில்லையாம். அவருக்கு நான் செய்த செட் அது. பார்த்துப் பார்த்துச் செய்தது. சீராக, முத்துக் கோத்த மாதிரி. அதைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இது நான் இல்ல. எனக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். இதப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா, என் வீட்டுக்காரி வேற யாரோ வந்த மாதிரி முந்தானைய இழுத்துப் போர்த்திக்கிறா."

சிரித்துவிட்டு, சரி, சந்து வைத்துத் தருகிறேன் என்றேன். எவ்வளவு அகலம் என்று கேட்டதும் ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். சந்தை அளந்து, அழகாக இருந்ததைக் கெடுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை வேறு எதுவும் ஓடவில்லை. நான் அன்றைக்குப் பாடியது சுத்தமான பாட்டு. அதில் அவர்களுடைய அம்மா எங்கே இருந்தாள்?

மார்ச் 12, புதன்

தட்டு கழுவும்போது பெரியவள் துடைக்க வந்தாள். கேட்டுவிட்டேன். "நான் அன்னிக்குப் பாடினதுல எதெல்லாம் தப்பு?"

"தப்பே இல்ல. அதான்." துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "அம்மா சரியா பாடவே மாட்டாங்க."

நான் அடுத்த தட்டை மட்டும் நீட்டினேன். அவளாகவே சொன்னாள். "லேட்டாதான் ஆரம்பிப்பாங்க. தம்பி அப்ப குட்டிப் பையன், 'எத்தல எத்தல'ம்பான், அதக் கேட்டு சிரிச்சுடுவாங்க. அப்புறம் 'கண்ணே'ய இழுத்து இழுத்து மூச்சே பத்தாது. 'நிக்கிறேன்' வரவே வராது. அதுக்குள்ள படத்துல அடுத்த சீன் வந்துடும்."

"எவ்வளவு இழுப்பாங்க?"

பாடிக் காட்டினாள். சின்னக் குரலில், தாமதமாகத் தொடங்கி, கண்ணே—யை இழுத்து, மூச்சு முட்டி, "நான் குனிஞ்சு" என்பதோடு நின்றுபோயிற்று. நின்ற இடத்தில் தானே திகைத்துப்போனாள். "இதான்" என்றாள். "இப்படித்தான்."

ஹாலிலிருந்து சின்னவன் ஓடிவந்தான். "யாரு பாடினது?"

"நான்தான்டா. அம்மா மாதிரி."

"அம்மா இப்படியா பாடுவாங்க? ரொம்ப மோசமா இருக்கே!"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் அவள் அழுதாள். நான் குழாயை மூடிவிட்டு, பக்கத்திலேயே நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை, தொடவில்லை. இன்னொரு தடவை பாடு, இன்னொரு தடவை பாடு என்று சின்னவன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அம்மாவிடமிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் பாட்டு அது.

மார்ச் 15, சனி

நான் லேபுக்குக் கிளம்பப் பையை எடுத்தேன். "இன்னிக்குமா வேலை?" என்று பெரியவள் கேட்டாள். பையைக் கீழே வைத்தேன்.

அவளே படத்தைப் போட்டாள். எல்லோருக்கும் முன்னால் நின்று, ஸ்கூலில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி, "இனிமே அம்மா வரிய நான் பாடறேன்" என்றாள்.

"அப்ப உன் வரிய?" இது இவர்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. நகத்தைக் கடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க பாடுங்க. ஆனா ஒழுங்கா பாடணும். அது நான்."

அம்மா வரியை உருப்போட்ட எனக்கு மகள் வரி தெரியவே தெரியாது. "பிடிச்சாச்சு" என்பதை ஒருமுறை கூடுதலாகச் சொல்லி, நான் "மடியுங்க"வுக்கு வரும்போது பாட்டு சின்னவனிடம் போய்விட்டிருந்தது. யார் கவனித்தார்கள்? அடுத்து அவள் பாடினாள். தாமதமாக, சிரித்துக்கொண்டே, இழுத்து, மூச்சுப் பற்றாமல். சின்னவன் திரையைப் பார்க்கவில்லை, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போனார். திரும்பிவர ரொம்ப நேரமாயிற்று.

மார்ச் 19, புதன்

டிரைவருக்கு செட் பிடித்துவிட்டதாம். அவர் வீட்டம்மா சிரித்துவிட்டார்களாம்.

மார்ச் 22, சனி

பெரியவள் எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கண்டிப்பான வாத்தியார். "பேச்சை விட்டு"ங்கறப்ப கோவம் வரணும், நீங்க கெஞ்சறீங்க என்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருப்பது லேசில்லை.

மார்ச் 29, சனி

இன்று என் வரியை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, வாரம் முழுக்க உருப்போட்டு வைத்திருந்தேன். திரையில் அந்த வெள்ளை விரிப்பு நாலு பக்கமும் இழுபட்டு விறைத்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மடித்தால் கடை பிழைத்துவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள், நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனை வாரமாக இதெல்லாம் எங்கே இருந்தது?

பெரியவள் படத்தை நிறுத்தினாள். "உங்க வரி! எங்க பாத்துட்டிருக்கீங்க?"

"படத்தைத்தான்."

"படத்த இப்பதான் பாக்கறீங்களா?"

ஆமாம் என்றேன். சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான். சாப்பாடு ஆறுது, அங்கிருந்தே தொடரலாமே என்றார் இவர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், அவங்க இன்னும் ஒழுங்கா பாக்கலப்பா" என்றாள். எனக்காகப் படத்தை முதலிலிருந்து போட்டாள்.