வெள்ளம் வந்தபோது வீடுகள் காலி

இன்று காலை நிவாரண மண்டபத்துக்குள் நுழைந்ததும் நனைந்த பாய் வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து அடித்தன. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். எங்கள் ஊர் கோத்தா திங்கியில் மழை இன்னும் விடவில்லை. பெயர் பதியும் மேசையில் இப்போதுதான் கொஞ்சம் ஓய்வு. உனக்கு எழுதுகிறேன்.

"வெள்ளம் வந்தாலும் ஆத்தோரத்து ஆளுங்க ஏன் வீட்ட விட்டு வர மாட்டேங்கிறாங்க? அதத்தான் ஆராய்ச்சி பண்றேன். உன்ன எல்லாருக்கும் தெரியும், கூட வாடி" என்று சில வருஷங்களுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து நின்றாய். கல்லூரித் தோழி கூப்பிட்டால் மறுக்க முடியுமா? அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பல குடும்பங்களைக் கூரையிலிருந்து படகில் இறக்கியிருந்தார்கள். அடுத்த முறை யாரையாவது இழந்துவிடுவோம் என்று பயந்தாய்.

ஆற்றோரத்து வீட்டு வாசல்களில் ஆண்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "பழகிப்போச்சு லா, டீச்சர். தண்ணி வரும், போகும்." நான் எழுதப் போனேன். என் கையைத் தட்டினாய். "எழுதாத. இது வீராப்பு, பதில் இல்ல."

நேராக ஒரு வீட்டுச் சமையற்கட்டுக்குப் போய், அங்கே சமைத்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவின் பக்கத்தில் குந்திக்கொண்டு வெங்காயம் உரித்தாய். நிவாரண மண்டபத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. "அங்க வந்தா என்னக்கா கஷ்டம்?" என்றாய்.

அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "பெரிய மண்டபம், ஒரு தடுப்பு இல்ல. அத்தன ஆம்பளைங்க முன்னால எப்படிம்மா ஈரத்துணி மாத்துறது? பாத்ரூம்ல தாப்பாளும் இல்ல. ஒரு தடவ ஈரத்தோடயே கெடந்து காய்ச்சல் வந்துச்சு. அதுக்கு எங்க வீட்டுக் கூரையே தேவல."

மற்ற வீட்டுப் பெண்களும் அதையே சொன்னார்கள். வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும், "எந்த வரியில் முட்டுகிறது?" என்றால்தான் கை தூக்குவார்கள். உன் ஆராய்ச்சியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நிவாரணக் கூட்டத்தில் அதிகாரி ஆற்றோரத்து ஆட்களைப் பிடிவாதக்காரர்கள் என்றார். நீ கோபப்படவில்லை. பையிலிருந்து ஈரக் கைலி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாய். "துவான், இதக் கட்டிக்கிட்டு இங்கேயே உடுப்பு மாத்துங்க. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று மலாயில் சொன்னாய். "அலமாக்!" என்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ள, அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் உன் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துப் படிக்கத் தொடங்கினார்.

திரைகள் வந்தன, தாழ்ப்பாள்கள் வந்தன. அவற்றைப் பார்க்க நோய் உன்னை உயிரோடு விடவில்லை. ஆனால் ஆட்கள் வருவார்களா? பெரிய மழை வந்தால்தானே தெரியும்.

இன்று தெரிந்துவிட்டதடி! எச்சரிக்கை வந்ததும் முதல் லாரியிலேயே லெட்சுமி அக்கா இறங்கினார். பின்னாலேயே ஆற்றோரம் முழுவதும். வந்ததும் வராததுமாகத் திரையை இழுத்துப் பார்த்து, "டீச்சர், இத யாரு அளவெடுத்தா? கால் தெரியுது!" என்று மண்டபமே கேட்கும்படி கத்தினார். புது அதிகாரி துணி தேடி ஓடினார்.

மத்தியானம் ஆறு கரை தாண்டியது. போய்ப் பார்த்து வந்த படகுக்காரர், "ஒருத்தரும் இல்ல டீச்சர், எல்லா வீடும் காலி" என்றார், ஏமாந்துபோனவர் போல. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இதோ, இப்போதுதான் லாரியில் வந்த பெரியவர் ஒருவர் உள்ளே வராமல் வாசலிலேயே நனைந்துகொண்டு நிற்கிறார். ஆளாளுக்கு அவரை அதட்டுகிறார்கள். பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்க எனக்குத் தெரியும்.